பேர் சொல்லாத ஜெபம்

வேலை முடிந்து வந்த நர்ஸ், ஒரு செருப்பைக் கழற்றியவள், மற்றதைக் கழற்றாமல் அண்ணன் வீட்டு வாசலிலேயே நிற்கிறாள். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கண்களை மூடி முழங்காலில் இருக்கிறார்கள். நாற்காலியில் திறந்து கிடக்கும் வேதாகமத்தின் மெல்லிய தாள்கள் மின்விசிறிக் காற்றில் படபடக்கின்றன. அண்ணி உருகி உருகி ஜெபிக்கிறாள். "பேர் சொல்லமாட்டேன் ஆண்டவரே, உமக்கே தெரியும். கட்டின புருஷன விட்டுட்டு இந்த வீட்டுல வந்து உக்காந்திருக்கிற எங்க சகோதரிய உணர்த்தும். அவ திமிர உடைச்சு, மறுபடி அவன் வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தும்." சுற்றிலும் "ஆமா ஆண்டவரே, ஆமா" என்று முணுமுணுப்பு. ஒருத்தி மூக்கைச் சிந்துகிறாள். ஏன் வந்தாய் என்று நர்ஸிடம் இவர்களில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. கடவுளிடம்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நர்ஸின் கை தானாக நெற்றித் தழும்புக்குப் போகிறது. புருஷன் எறிந்த சொம்பு பட்ட இடம் அது. எட்டுத் தையல் போட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அண்ணன். இந்தக் கூடத்தில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான். முதுகுக்குப் பின்னால் சாயும் வெயிலில் அவள் நிழல் பாய்மேல் நீண்டு அவன் முழங்காலைத் தொடுகிறது. அண்ணன் கண் திறக்கிறான். அவளைப் பார்க்கிறான். உதடு ஒருமுறை அசைகிறது. பிறகு கண்களை இறுக மூடிக்கொள்கிறான். அண்ணி ஜெபத்தை முடிக்கிறாள். எல்லோர் குரலுக்கும் மேலே எழுகிறது அண்ணனின் "ஆமென்."