கிணறு எவ்வளவு தூரம்

றோஸ்மேரியின் வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் எமிலியானுஸ் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினான்.

எழுநூறு கிலோமீற்றர் பாலைவனத்தைச் சைக்கிளில் கடந்துவிட்டு வந்தவன். மொரித்தேனியாவிலிருந்து திரும்பி நான்கு நாளாகியும் முழங்கால் நோவு போகவில்லை. உதடு வெடித்திருந்தது. மூக்குத் தோல் உரிந்துகொண்டிருந்தது. பெப்ரவரிக் குளிர் அதற்குள் புகுந்து எரித்தது.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுவது அவன் வேலை. மணலில் சைக்கிளோடு அவன் நிற்கிற படத்தைத் தாதி ஒருத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கீழே ‘பிராவோ’ என்று எழுதியிருந்தாள். நாற்பத்தைந்து வயதில் இப்படியும் ஓர் ஆசையா என்று கேட்டவர்களுக்கு அவன் சிரித்து வைத்தான்.

ஏன் போனான் என்பது றோஸ்மேரி ஒருத்திக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தேத்தண்ணி வைக்கப் போனாள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன், கனடாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட பிக்கப் அந்தப் பாலைவனத்தில்தான் நின்றுபோனது. றோஸ்மேரியின் புருஷன் சேவியருக்குக் கடும் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. ஆள் கூட்டிவரப் போன சாரதி திரும்பவில்லை. கூட வந்த ஐந்து பேரும் விடியுமுன் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எமிலியானுஸ் மட்டும் நின்றான். அவனும் சேவியரும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். ஒரு பகல் முழுக்கப் பிக்கப்பின் நிழலில் சேவியரின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் முடிந்த பிறகு அவனும் எழும்பினான். தண்ணியோடு வாறன் என்று சேவியரின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு நடந்தான். அடுத்த நாள் வழியில் மயங்கிக் கிடந்தவனை ஒரு லொறி ஏற்றிக்கொண்டது. திரும்பிப் போகச் சொல்லிக் காலைப் பிடித்துக் கெஞ்சினான். லொறிக்காரனுக்குப் பாஷை விளங்கவில்லை.

கனடா வந்து சேர்ந்ததும் றோஸ்மேரிக்கு ஒன்றையும் மறைக்காமல் எழுதினான். பின்னர் தன் தமையன் ஸ்பொன்சர் செய்து அவளும் மொன்றியலுக்கு வந்தாள். அவனை ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பாரமாக இருந்தது.

இப்போது மேசையில் தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவன் சொன்னான். சைக்கிளை ஓடியதைவிட உருட்டியதுதான் கூட என்றான். ஒட்டகம் மேய்க்கிற கிழவர் ஒருவர் இடத்தைக் காட்டினார். பிக்கப்பின் கூடு அரைவாசி மணலுக்குள் கிடந்தது. பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. அந்தக் கிழவரின் ஆட்கள்தான் அடக்கம் செய்திருந்தார்கள். மெழுகுதிரி கொளுத்தக் காற்று விடவில்லை; செபம் மட்டும் சொன்னான்.

அந்தக் கல் அடுக்கின் படத்தை நீட்டினான். அவள் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒரு கல்லைத் தொட்டாள்.

பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“அண்ணை, அங்கயிருந்து தண்ணி எவ்வளவு தூரம்?”

மொன்றியலுக்கு வரும் விமானப் பயணம் முழுக்க அவன் இந்தக் கேள்விக்குத்தான் மறுமொழி தேடிக்கொண்டு வந்தான்.

“தொண்ணூறு கிலோமீற்றர். ஆரும் நடந்திருக்கேலாது.”

றோஸ்மேரியின் தோள்கள் மெல்ல இறங்கின. கண்ணைத் துடைத்தாள். கை நீட்டி, தோல் உரிந்த அவன் கையின்மேல் வைத்தாள்.

“அப்ப உங்களாலயும் ஒண்டும் செய்திருக்கேலாது. இனியாவது நித்திரை கொள்ளுங்கோ, அண்ணை.”

அவளுக்காக அந்தப் பொய்யைச் சுமந்து வந்தவன் அவன். அவளோ அவனுக்காகத்தான் கேட்டிருக்கிறாள்.

அவன் தலையாட்டினான். தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

கிழவர் காட்டிய கிணறு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அன்று அவன் நடந்தது இந்தப் பக்கம்.

சைக்கிள் மீற்றர் பிழையாக இருக்கும் என்று, கல் அடுக்கியிருந்த இடத்திலிருந்து கிணறு வரைக்கும் அந்த வெயிலில் மூன்று தரம் போய்வந்தான்.

மூன்று தரமும் பதினொரு கிலோமீற்றர்தான் காட்டியது.