பிரேக் மிதிக்கிற கால்

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வெளியே பெஞ்சுகள் நிரம்பிக் கிடக்கின்றன. பணக்கார வியாதி என்று கிளப்பிவிட்டவன் எவனோ; இங்கே மூட்டை தூக்குகிறவனும் தையல்காரியும்தான் செருப்பைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார்கள். உள்ளே, எனக்கு முந்தின ஆளாக லாரி டிரைவர். சன்னல் வெயிலில் அவருடைய வலது பாதம் மெழுகு மாதிரி மினுங்குகிறது. உணர்ச்சி போய்விட்டது என்று டாக்டரம்மா எழுதிவிட்டால் நாளையிலிருந்து லாரி இல்லை. "கண்ண மூடிக்கங்க, படுறப்ப சொல்லுங்க" என்கிறார் டாக்டரம்மா, தூண்டில் நரம்பு போன்ற இழை ஒன்றை எடுத்து. "இதென்னம்மா, இந்தக் காலுதான் பிரேக்கே மிதிக்குது!" "அளந்தது போதும், கண்ண மூடுய்யா" என்கிறாள் அவர் பெண்டாட்டி. இழை குதிகாலில் அழுந்தி வளைகிறது. டிரைவர் சும்மா இருக்கிறார். பெருவிரலுக்கு அடியில் வளைகிறது. அப்போதும் சும்மா இருக்கிறார். பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொள்கிறாள். மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. டாக்டரம்மா இழையைத் தட்டில் போட்டுவிட்டு, பேனாவை எடுத்து எழுதத் தொடங்குகிறார். "ஆங், இப்பப் படுது" என்கிறார் டிரைவர், கண்ணைத் திறக்காமலே. "நல்லாவே தெரியுதும்மா. கொஞ்சம் மெதுவாக் குத்துங்க, வலிக்குது."