ஆள் படுக்கும் அறை

"கையெழுத்துப் போட மாட்டேன்னா போட மாட்டேன்தான் தம்புசாமி. வற்புறுத்தாதீங்க."

சொல்லிவிட்டாரே தவிர, பரமேஸ்வரனுக்கு உள்ளுக்குள் உதறல்தான். பங்சாரில் ஒரு பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தில் இருபது வருட உத்தியோகம். இன்றைக்கும் சான்றிதழ் எழுத உட்கார்ந்தால் ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்ப்பார். தான் கையெழுத்துப் போட்ட வண்டியில் நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால்?

தம்புசாமி கிள்ளானில் கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். புதிதாக ஒரு டிரெய்லர் செய்திருந்தார். பின்னால் இரண்டு குதிரைகள் நிற்க இடம். முன்னால் குதிரைக்காரர் தங்க ஒரு சின்ன அறை. கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் உண்டு. நாளைக் காலை பினாங்குக்குக் கிளம்ப வேண்டும். சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸ் கிடைக்காது. இன்சூரன்ஸ் இல்லாமல் கல்யாண வீட்டார் குதிரையை ஏற்கமாட்டார்கள்.

"பாஸ், குதிரை நிக்கிற இடத்துல ஏதாச்சும் குறை இருக்கா?"

"இல்ல. ரப்பர் தரை, நல்ல காத்து, ரெண்டு பக்கமும் கதவு. ராஜ மரியாதை."

"அப்புறம் என்னா? ஊர்ல எத்தனை குதிரை லோரி ஓடுது. எவன் சர்ட்டிபிகேட் வச்சிருக்கான்? வெறும் காகிதம் லா இது."

"குதிரைக்குக் குறை இல்ல. ஆளுக்குத்தான். உள்ள வாங்க."

மூன்று பேர் நுழைந்ததுமே அறையில் மூச்சு முட்டியது. மூன்றாமவர் வேலாயுதம். குதிரைகளோடு ஊர் ஊராகப் போய் இந்த அறையில் படுக்கப் போகிறவர் அவர்தான். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"ஜன்னல் எங்க? கேஸ் சிலிண்டர் தலைமாட்டுல நிக்குது. கசிஞ்சா எந்த வழியா வெளிய போகும்? தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வச்சிருக்கீங்க. யாராச்சும் தெரியாம போட்டுட்டுப் போனா இவரு எப்படி வெளிய வருவாரு?"

"ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரிதானே பாஸ். அவருக்குப் பழக்கம்."

"பழகினவருக்கு மூச்சு வேணாமா?"

தம்புசாமியின் முகம் சுருங்கிவிட்டது. "சரி, பினாங்கு கான்சல். வெளியூரே போகலன்னா எனக்கு எதுக்கு ஒரு ஆளு?" ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வேலாயுதம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. கதவைத் தொறந்து வச்சே படுத்துக்கறேன். போட்டுருங்க சார்."

பரமேஸ்வரனுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பேனாவை எடுத்தார். மறுபடியும் பையில் வைத்தார்.

"அண்ணே, போன மாசம் என்கூட வேலை செய்யற ஒருத்தர் பாவம் பார்த்துப் போட்டாரு. வண்டி தீப்பிடிச்சு ஆள் கை வெந்து போச்சு. கையெழுத்துப் போட்டவரு இன்னும் சரியா தூங்கல. உங்க உயிரைப் பணயம் வச்சு நான் எப்படிப் போடுவேன்? வெல்டிங் மிஷின் இங்கயே இருக்கு. மூணையும் சரி பண்ணி, சாயங்காலம் வண்டியையே பூச்சோங்குக்கு, என் வீட்டுக்குக் கொண்டாங்க. பார்த்துட்டுப் போட்டுத் தரேன்."

வீட்டுக்கு வந்தும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு மனிதன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ? ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரையும் ஆயிற்று. வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார்.

"குதிரையை விட நீங்கதான் அதிகமா நடக்கறீங்க," என்றாள் மனைவி மாதவி.

ஆறே காலுக்கு டிரெய்லர் வாசலில் வந்து நின்றது. வேலாயுதம் மட்டும் இறங்கி, "மொதலாளி ஒத்துக்கிட்டாரு சார், காலைல பினாங்கு கிளம்பறோம்," என்றார். அறைக்கு ஜன்னல் வெட்டியிருந்தார்கள். சிலிண்டர் வெளியே ஒரு கம்பிக் கூண்டுக்குள் போயிருந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம் வந்துவிட்டது. பரமேஸ்வரன் தானே கட்டிலில் படுத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, திறந்து பார்த்தார். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

"உள்ள வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போலாம். பவுனம்மா, ரெண்டு டீ."

பவுனம்மாள் அந்த வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர். கேரி தீவிலிருந்து வந்து ஆறு வருஷமாகிறது.

வேலாயுதத்தின் கையெல்லாம் கிரீஸ். கழுவுவதற்காக அடுப்படிக்குப் போனார். பரமேஸ்வரன் ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். காகிதத்தோடு பின்னால் போனபோது, வேலாயுதம் ஈரக் கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குத் துண்டு எடுத்துத் தர பவுனம்மாள் தன் அறைக் கதவைத் திறந்திருந்தார். ஸ்டோர் ரூம்தான். அரிசி மூட்டை, இரண்டு கேஸ் சிலிண்டர், நடுவில் சுருட்டி வைத்த ஒரு மெத்தை. ஜன்னல் கிடையாது. பக்கத்தில் பின்வாசல் இரும்புக் கிரில்லில் பெரிய பூட்டு. திருடன் பயத்துக்காகத் தினமும் படுக்கப் போகும்போது முன்வாசலையும் பின்வாசலையும் பூட்டி, சாவியைப் பரமேஸ்வரன்தான் மாடிக்கு எடுத்துப் போவார்.

வேலாயுதம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். இனிமே பயமில்லாம படுப்பேன்."

சொல்லிவிட்டும் அவர் நகரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். இந்த அம்மா படுக்கிற ரூமுக்கு யார் சார் கையெழுத்துப் போட்டது?"