கட்டுத்துணி லோடு

மூட்டைகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்றார் நாகையா.

ஜெயில் வளாகத்துக்குள் நின்ற லாரி அது. தறிக்கூடத்தில் கைதிகள் நெய்த, காயத்தில் சுற்றுகிற கட்டுத்துணி மூட்டை மூட்டையாக ஏறியிருந்தது. சிவகாசிப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டிய லோடு.

கிளம்பவில்லை. சாயங்காலம் புது ரொட்டிக்கூடத்தைத் திறந்துவைக்க ஒரு பிரமுகர் வருகிறாராம். அவருக்கும் அவரோடு வருகிற கூட்டத்துக்கும் உட்கார நாற்காலி வேண்டுமாம். கல்யாண மண்டபத்தில் இருந்து அதை ஏற்றிவர லாரி வேண்டுமாம். துணியை இறக்கிப் போடு என்று உத்தரவு.

ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் வாங்கிவர மட்டும் ஒரு நாளும் மறக்க மாட்டார்கள்.

அன்று காலைதான் டிவியில் சொன்னார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து. தீபாவளிக்கு முந்தைய சீசன். ஆர்டர் குவியும். நாலு பேர் வேலை பார்க்க வேண்டிய அறைக்குள் பத்துப் பேரை அடைப்பார்கள். வெடிக்கும். நிவாரணம் அறிவிப்பார்கள், ஆலைக்குப் பூட்டுப் போடுவார்கள். அடுத்த சீசனுக்குள் பூட்டு திறந்துவிடும். எத்தனை வருடமாக இதே கூத்து.

டிவி முன்னால் மற்றவர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாகையா எழுந்து லாரிக்குப் போய்விட்டார்.

அச்சங்குளத்துக்காரர் அவர். அறுபதைத் தாண்டியவர். ஆயுள் தண்டனை. மனைவி சுப்புத்தாய் வேலை பார்த்த ஆலை வெடித்தபோது, ஆத்திரத்தில் முதலாளியைத் தீர்த்துவிட்டு வந்தவர் என்று ஜெயிலுக்குள் பேச்சு. அதற்காகவே அவர் வந்தால் கைதிகள் எழுந்து வழிவிடுவார்கள். அவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

வந்த புதிதில் சோற்றைக்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர், தறியில் உட்கார்ந்த பிறகுதான் ஆளானார். நூல் வரவில்லை என்றால் அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவார். இழை விட்டுப்போன துணியைப் பார்த்தால் நெய்தவன் முகத்திலேயே எறிவார். பரோல் கிடைத்தும் போகவில்லை. நான் போனால் இந்தத் தறிகளை எவன் ஓட்டுவான் என்றார். கிறுக்கு என்றார்கள்.

உதவி ஜெயிலர் காளிராஜ் இந்த ஜெயிலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். லத்தியால் லாரியின் பக்கப்பலகையைத் தட்டினார்.

“யோவ், இறங்குய்யா. விடுதலைக்கு உன் பேரு மேல போயிருக்கு. கையெழுத்தாகப் போற நேரத்துல எதுக்கு வம்பு?”

“அங்கன ஆளுக வெந்து கிடக்காகய்யா. பேரை வேணா அடிச்சுக்கோங்க. லோடு போகட்டும்.”

இரண்டு வார்டர்கள் மேலே ஏறினார்கள். நாகையா மூட்டை கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஒருவன் விரல்களைப் பிரித்தான். இன்னொருவன் இடுப்பில் மிதித்தான். சட்டை கிழிந்தது. கயிற்றை விடவில்லை.

தறிக்கூடத்து ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளியைக் கொன்றவர் என்று எழுந்து நின்று மரியாதை செய்தவர்களில் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. விடுதலைக்கு அவர்கள் பேரும் போயிருந்தது.

காளிராஜுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“நாளைக்குப் போனா என்னய்யா குடி முழுகிப்போகும்? எவனாவது வந்து கேட்டா, ஜெயில்ல இருந்து லோடு இன்னும் வரலன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டுப் போறான்.”

நாகையா நிமிர்ந்து பார்த்தார். உதட்டில் ரத்தம்.

“அப்படிச் சொன்னவனைத்தான்யா நான் கொன்னேன்.”

வார்டர்கள் கையை எடுத்தார்கள். காளிராஜ் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கேட்டைத் திறக்கச் சொன்னார். விடுதலைக்கு மேலே போன நாகையாவின் பேரைத் திரும்ப வாங்கச் சொல்லவும் மறக்கவில்லை.

நாகையா தானாக இறங்கினார். லாரி வெளியே போகும்வரை அங்கேயே நின்றார்.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். வேறு பெயரில் வேறு ஆலை நடத்துகிறார்.

செத்தது நேசகுமார். அதே அரசு ஆஸ்பத்திரியில் மருந்தும் துணியும் எடுத்துக்கொடுக்கிற ஆள்.

ஆலை வெடித்த அன்று, வெந்துபோன சுப்புத்தாயை அங்கே வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். மேலே சுற்ற ஒரு முழம் துணி இல்லை. ஜெயிலில் இருந்து லோடு வரவில்லை அண்ணே என்று நேசகுமார் கையெடுத்துக் கும்பிட்டான். வெளியே விற்றுத் தின்றுவிட்டுப் பொய் சொல்கிறான் என்று நினைத்தார் நாகையா. பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பி நின்றது.

அந்த வாரமே இந்த ஜெயிலில் கொண்டுவந்து அடைத்தார்கள். மறுநாள், தறிக்கூடத்தைக் கூட்டச் சொல்லி விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார்கள். கதவைத் திறந்தார். கூரை வரைக்கும் கட்டுத்துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மையால் அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டார். ஏதோ விழாவாம், பந்தல் சாமான் ஏற்ற லாரி போயிருக்கிறது என்றார்கள்.