நாற்பத்தெட்டு ரம்புத்தான்

“அக்கா, இவருக்கு இன்னொரு தடவ சொல்லுங்க. மண்டையில ஏறல.”

சொல்லிவிட்டு லோஷினி முறுக்கை எடுத்துக் கடித்தாள். ஆரம்பப் பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று சுவர்ணாவுக்குத் தோன்றியது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அதட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தலையைச் சொறிந்தார்.

“ஆமாலா, ஏறல.”

மெங்லெம்பு வீட்டின் முன்னறையில் ஞாயிறுதோறும் சுவர்ணா கணக்கு டியூஷன் நடத்துகிறாள். வேதியியல் பட்டதாரி. பிள்ளைகளிடம் பேச்சு வரும், பெரியவர்களிடம் வராது. வழக்கமாக லோஷினியை அவள் அம்மா கொண்டுவந்து விடுவார். இன்று காரிலிருந்து இவர் இறங்கினார். கனகராஜ் என்று பெயரை மட்டும் சொன்னார். உள்ளே வந்து, பிள்ளைகளுக்குப் போட்ட சின்ன நாற்காலியில் தன்னைத் திணித்துக்கொண்டார்.

“அம்மாவுக்குக் கல்யாண வீடு. இவரோட போகச் சொன்னாங்க,” என்றாள் லோஷினி.

லோஷினியின் அப்பாவுக்கு லூமுட்டில் வேலை, லீவு கிடைத்தால்தான் வருவார் என்று அம்மா முன்பு சொல்லியிருந்தார். லீவு கிடைத்துவிட்டது போல, என்று சுவர்ணா நினைத்துக்கொண்டாள்.

புத்தகத்தில் கணக்கு இப்படி இருந்தது: லீலாவிடம் மணியைப் போல மூன்று மடங்கு ரம்புத்தான். இருவரிடமும் சேர்த்து 48. லீலாவிடம் எத்தனை?

“நாப்பத்தெட்ட மூணால வகுத்தா பதினாறு. மணிக்குப் பதினாறு,” என்றார் கனகராஜ்.

“அப்ப லீலாவுக்கு?”

“மூணு மடங்கு... நாப்பத்தெட்டு.”

“ரெண்டு பேருக்கும் சேத்தே நாப்பத்தெட்டுதானேண்ணே?”

அவர் புத்தகத்தை முறைத்தார். “அப்ப மணி திருடியிருக்கான்.”

லோஷினி சிரித்ததில் முறுக்குத் தூள் மேசையெங்கும் பறந்தது.

“மொதல்ல படம் போடுங்கண்ணே. மணிக்கு ஒரு கட்டம், பட்டை மாதிரி.”

“உள்ள எத்தனைன்னு எழுத?”

“அது தெரியாது. தெரியாததுக்குத்தான் கட்டம்.”

“தெரியாதத எதுக்கு வரையணும்? சீசன் நேரத்துல ரம்புத்தான யாரு எண்ணித் திங்கிறா? குமிஞ்சு கெடக்கிற தோலப் பாத்தா எவன் அதிகம் தின்னான்னு தெரிஞ்சிரப் போவுது.”

“அண்ணே, விடுங்க. பிள்ளைக்கு இது நல்லா வரும். நீங்க கவலப்படாதீங்க.”

“இல்ல தங்கச்சி.” அவர் குரல் இறங்கியது. “நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்குப் பெகாவாய் வராரு. கல்வி இலாகாவுல பெரிய ஆளு. பள்ளிக்கூடம் இருக்கிறது பழைய ரப்பர் தோட்டத்துக்குள்ள. அந்த மண்ரோட்டுல லோரியே வர மாட்டேங்குது, இவரு வராரு. கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாப்பாராம். இந்த மாதிரிக் கணக்குத்தான். எல்லாரு முன்னாடியும் போர்டுல போடணும். தப்பாப் போச்சுன்னா மானம் போயிரும்லா. எனக்குச் சோறே எறங்கல.”

அவர் பென்சிலின் பின்முனையைக் கடித்தார். அதைப் பார்த்ததும் சுவர்ணாவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

“நீங்க இப்படிப் பயந்தா பிள்ளைக்கும் ஒட்டிக்கும்ணே.”

“அவளுக்கா?” அவர் லோஷினியைப் பொறாமையாகப் பார்த்தார். லோஷினி புத்தகப் படத்திலிருந்த மணிக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

அவர் மணிக்கு ஒரு கட்டம் போட்டார். கீழே லீலாவுக்கு மூன்று. மூன்றாவது பெருத்துப்போய்த் தாளின் ஓரத்தில் இடித்தது.

“எல்லாக் கட்டமும் ஒரே அளவு இருக்கணும்.”

அழித்தார். தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்தார். நெற்றி வியர்த்துவிட்டது.

“ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்து போடட்டுமா?”

“உக்காருங்க,” என்றார்கள் இருவரும்.

நான்கு கட்டங்களும் ஒருவழியாக ஒரே அளவில் வந்து நின்றன.

“இப்பச் சொல்லுங்க. நாப்பத்தெட்டு மொத்தம் எத்தன கட்டத்துக்குள்ள இருக்கு?”

“மூணு.” படத்தை உற்றுப் பார்த்தார். “இல்ல, இரு. மணியோடதும் இருக்கே. நாலு!” துள்ளி எழுந்தார். சின்ன நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. “நாலு கட்டம் நாப்பத்தெட்டுன்னா ஒரு கட்டம் பன்னெண்டு. லீலாவுக்கு முப்பத்தாறு! அட, இவ்ளோதானா? சின்ன வயசுல யாராச்சும் இப்படிப் படம் போட்டுக் காட்டியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்லா!”

அடுத்த கணக்கை அவரே போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். கடைசியில், கேட்காமலே, விடையைத் திருப்பிப் போட்டுச் சரியும் பார்த்தார். ஒரு வேதிப்பொருள் சரியான நிறத்துக்கு மாறியதைப் பார்த்ததுபோல் சுவர்ணாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் அவள் லோஷினியின் தோளைத் தட்டினாள்.

“நாளைக்குப் போர்டு முன்னாடி நின்னதும் பயப்படாத. நீ தடுமாறினா உங்க கணக்கு சாரு எடுத்துக் குடுப்பாரு.”

லோஷினி நிமிர்ந்து பார்த்தாள். “யாரு, இவரா?”

கனகராஜ் குனிந்து காலணிக் கயிற்றை ரொம்ப நேரம் கட்டினார்.

“பழைய சாரு மாத்தலாகிப் போனதுலருந்து இவருதான்க்கா எங்களுக்குக் கணக்கு, அதுக்கு முன்னாடி நெட்போல் வெளையாட மட்டும்தான் சொல்லிக் குடுத்தாரு,” என்றாள் லோஷினி. “நாளைக்கு நாங்க ஒண்ணும் தெரியாத மாதிரியே உக்காந்திருந்து, இவரு கட்டம் போட்டதும் ‘ஓ, புரிஞ்சிருச்சு சார்’னு கத்திருவோம், கிளாஸ்ல எல்லாருக்கும் இது எப்பவோ தெரியும், இவரு ஒருத்தருதான் பாக்கி.”