கண்ணீர்த் திராட்சை

ஏணி மேல் நின்ற சிங்காரவேலுவின் கண்களிலிருந்து கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. தூரிகை மட்டும் நிற்கவில்லை. கீழே நின்ற பங்குச்சாமியார் அறிவரசனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

செட்டிகுளத்தில் டிராக்டருக்கும் டீக்கடைக்கும் பெயர் எழுதுகிற ஆளிடமா மாதா கோயில் சுவரைக் கொடுப்பது என்று பங்குப் பேரவையே எதிர்த்தது. "நான் பொறுப்பு" என்று சாமியார்தான் ஒற்றைக்காலில் நின்றார். நாளைக்கு ஆயர் வருகிறார். படம் சொதப்பினால் மானம் கப்பலேறிவிடும்.

பெரிய தொட்டியில் திராட்சைக் குவியல், அதை மிதித்து ரசம் எடுக்கும் இரண்டு பாதங்கள். இதுதான் படம். "நேர்ல பார்க்காம ஒரு கோடு போடமாட்டேன் சாமி" என்பது சிங்காரவேலுவின் கொள்கை. மாதிரியை ஒரு வாளியில் போட்டு ஏணி உச்சியில் மாட்டியிருந்தான். வேலை முடியும்வரை யாருக்கும் காட்டமாட்டானாம். பெரம்பலூர் மார்க்கெட்டிலேயே ஒரு வாரமாகத் திராட்சை இல்லை, இவன் எங்கே பிடித்தானோ என்று சாமியாருக்கு ஆச்சரியம்.

பேரவைச் செயலாளர் வளர்மதி டீச்சர் குறை கண்டுபிடிக்கவென்றே வந்து சேர்ந்தார். "ஏன் சாமி, பழமெல்லாம் நுனியில கூரா இருக்கு?"

"அது வெளிநாட்டு ரகம் டீச்சர். கிட்டப் போய்ப் பாருங்க. மிதிபடுற பழம்தான் பாடுபட்ட ஆண்டவர். வழியிற ரசம் அவரு ரத்தம். அது புரிஞ்சுதான் அழுவுறான்!"

டீச்சர் ஏணியில் நாலு படி ஏறினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"மன்னிச்சுக்குங்க சாமி. மனசு உருகிப்போச்சு."

சாமியாரும் ஏறிப் பார்த்தார். அவருக்கும் பொலபொலவென்று கொட்டியது. ஜெயித்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சிங்காரம், பீடத்துச் சுவரும் உனக்குத்தான்யா!"

சிங்காரவேலு தூரிகையைத் துடைத்துவிட்டு, ஈரக் கண்ணோடு கும்பிட்டான்.

அப்போது அவன் மனைவி பாப்பாத்தி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவசரமாக உள்ளே வந்தாள்.

"ஏங்க, வரைஞ்சு முடிச்சாச்சுல்ல? மாதிரிக்கு உரிச்சு வச்ச சின்ன வெங்காயத்தக் குடுங்க, சாம்பார் வைக்கணும்!"