மூன்று காலித் தட்டுகள்

"அப்பா தட்டை ஜன்னல் பக்கமா நகர்த்துங்க. வெளிச்சம் பாத்துதான் போட்டோ எடுப்பாரு."

மகள் சொன்னபடி அவள் கணவன் நகர்த்தி வைத்தான். சாப்பிட வந்தது இரண்டு பேர். மேஜையில் தட்டு மூன்று. சோறு, மீன், கீரை. ஓட்டலில் பரிமாறியவர் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"பெரியவர் வரலீங்களா? நேத்து இந்த நாற்காலி மேல ஏறி நின்னு போட்டோ எடுத்தாரே. ஏணி ஒண்ணுதான் கேக்கல."

"வந்துடுவாரு" என்றான் கணவன்.

பெரியவர் வர மாட்டார். காலையில் நடக்கப் போனவர் தெருமுனையில் சரிந்து விழுந்தார். யாரோ ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது அங்கே பிணவறையில் இருக்கிறார். உடலை நாளைக்குத்தான் கொடுப்பார்கள்.

ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். அதனால்தான் இந்தப் பயணத்துக்கு வரவில்லை. பேரக்குழந்தை பிறந்துவிட்டால் யாரும் நகர முடியாது, இப்பவே போய்வந்துவிடலாம் என்று அப்பாதான் மகளையும் மாப்பிள்ளையையும் கிளப்பிக்கொண்டு வந்தார். சேதியை போனில் சொன்னால் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுவாள், பக்கத்தில் இருந்துதான் சொல்ல வேண்டும் என்று மகள் ஒரே பிடியாக நின்றாள்.

நாளை வரைக்கும் மறைக்க வேண்டும். அதற்கு இடைஞ்சலே இந்தப் போட்டோதான். தட்டைப் படம் எடுத்து, கீழே ஒரு வரி எழுதி மனைவிக்கு அனுப்பாமல் அந்த மனுஷன் ஒரு வாய் வைத்ததில்லை. ஆறிப்போகுது, சாப்பிடுங்க என்று யார் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு வேளை படம் வராவிட்டாலும் அம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிடும்.

அப்பாவின் போனில் கணவன் படம் எடுத்தான்.

"என்ன எழுதறது?"

"மீன் பரவாயில்ல, உன் கைப்பக்குவம் வரலன்னு எழுதுங்க. எதைச் சாப்பிட்டாலும் அதையேதான் எழுதுவாரு."

உடனே பதில் வந்தது. கணவன் மெதுவாகப் படித்துக் காட்டினான்.

"'என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாரு. நீங்க பேச வேணாம், போட்டோ மட்டும் போடுங்க. ஆனா தட்டை மட்டும் காட்டி ஏமாத்தக் கூடாது. நம்ம பொண்ணு சாப்பிடறதும் தெரியணும்.'"

"பாவம், ஒண்ணும் தெரியாம கேட்டுக்கிட்டு இருக்கா" என்று மகள் சோற்றில் கை வைத்தாள். அந்தப் படமும் போனது.

"'கை வச்சா ஆச்சா? காலித் தட்டு வரணும். மூணும் வரணும்.'"

கணவனுக்கு எரிச்சல் வந்தது. "என்னைக்கும் இல்லாம இன்னைக்குன்னு பாத்து இந்தப் பிடி பிடிக்கறாங்க. பேசாம எங்கயாவது கொட்டிட்டு எடுத்துடலாமா?"

"அப்பா தட்டையா? உங்களுக்கு மனசு வருமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி, அதை நான் முடிக்கறேன். உன்னுதை நீ சாப்பிடு. காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. வாயும் வயிறுமா இருக்கே."

"அதைச் சொல்லிச் சொல்லியே கொல்லாதீங்க. எறங்கலைங்க. நான் என்ன வேணும்னா பண்றேன்?"

மறுபடி போன் அதிர்ந்தது.

"'என்ன சத்தத்தையே காணோம்? நீங்க முடிக்காம நான் சாப்பிட மாட்டேன். சாப்பிட்டாத்தான் மாத்திரை போட முடியும், பாத்துக்கோங்க.'"

மகள் பயந்துவிட்டாள். மாத்திரை நேரம் தப்பக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "இந்த அம்மா உயிரை வாங்கறா" என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் கவளத்தை விழுங்கினாள். அது நெஞ்சிலேயே நின்றது. தண்ணீரைக் குடித்துத் தள்ளினாள். அழுதுகொண்டே அடுத்த கவளம். தன் தட்டை முடித்துவிட்டு, அப்பாவின் தட்டில் கணவன் மிச்சம் வைத்திருந்ததையும் இழுத்துச் சாப்பிட்டாள். பரிமாறியவர் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்று காலித் தட்டுகளும் படமாகப் போயின. "'இப்பதான் நிம்மதி'" என்று பதில் வந்தது.

"நம்பிட்டாங்க" என்றான் கணவன்.

"எங்கம்மாவை ஏமாத்தறது சுலபங்க. அதுதான் வயித்தெரிச்சலா இருக்கு" என்றாள் மகள்.

சாயங்காலம் கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலையில் அப்பாவைப் பார்த்த நர்ஸ் அங்கே இருந்தாள். இவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. ஏதாவது சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்பாடா. உங்கம்மா சொன்ன மாதிரியே சாதிச்சுட்டாங்க."

மகளுக்குப் புரியவில்லை. "எங்கம்மாவா?"

"ஆமா, அப்பா சட்டைப் பையில வீட்டு நம்பர்தானே இருந்திச்சு? நான் முதல்ல சேதி சொன்னதே அவங்களுக்குத்தான். அப்புறம் நீங்க தங்கியிருக்கிற இடத்தைச் சொன்னாங்க. 'என் பொண்ணு மாசமா இருக்கா, இனிமே ஒரு வாய் சாப்பிட மாட்டா. அவ சாப்பிடறவரைக்கும், எனக்குச் சொன்னதை அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு இன்னும் தெரியாதுன்னு அவ நினைச்சுக்கிட்டு இருக்கிறவரைக்கும்தான், அதட்டிச் சாப்பிட வைக்க முடியும்'னாங்க."